ஸ்க்ரூ டிரைவரைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

பட்டறைப் பதில்கள்

இந்தப் பகுதிக்கு வழக்கமாக வருவது மிக்சி, தண்ணி மோட்டார், பழைய யெஸ்டி பற்றிய கடிதங்கள்தான். இந்த மாதம் கட்டைப் பிரித்தால் பாதிக்கு மேல் நைட்ரோ கார். கோடை விடுமுறைக்குப் பரணிலிருந்து எல்லா வண்டியும் இறங்கிவிட்டது போல. மோட்டார்க்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. நைட்ரோ கார் ரிமோட்டில் ஓடுவதுதான், ஆனால் உள்ளே இருப்பது நிஜமான டூ ஸ்ட்ரோக் எஞ்சின். கட்டைவிரல் பருமனுக்கு ஒரு பிஸ்டன், மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்த ஃபியூயல், நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் ஓட்டம். ஆர்எக்ஸ் 100 தன் முழு பலத்தைக் காட்டுவதே 7,500 சுற்றில்தான். அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்.எஸ்., பீளமேடு, கோவை: மகனுக்காக வாங்கிய பக்கி வகை நைட்ரோ கார், 3 சிசி எஞ்சின். காலையில் இரண்டே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது. ஐந்து நிமிடம் பறக்கிறது. பிறகு த்ராட்டிலை விட்டாலும் ரேஸ் இறங்காமல் கத்திக்கொண்டே இருந்து, சட்டென்று நின்றுவிடுகிறது. சூட்டில் மறுபடி ஸ்டார்ட் ஆவதே இல்லை. ஆறவிட்டால் திரும்ப ஓடுகிறது. கார்புரேட்டரில் ஃபியூயல் அளவைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு நீடிலையும் (ஹை ஸ்பீடு, லோ ஸ்பீடு) திருகித் திருகி, இப்போது எது எங்கே இருந்தது என்பதே மறந்துவிட்டது.

முதலில் அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வையுங்கள் ஐயா. என்னிடம் வரும் நைட்ரோ வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு நோய் ஒன்று, வைத்தியம் வேறு. எஞ்சின் நின்றால் கை நேராகக் கார்புரேட்டருக்குப் போகிறது. நேற்று வரை நன்றாக ஓடிய வண்டியில் நீடில் தானாக ஏன் மாறப் போகிறது? வேறு ஏதோ மாறியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் நீடிலைத் திருகினால், இருந்த ஒரே அடையாளமும் போய்விடும்.

உங்கள் கடிதத்தில் துப்பு இருக்கிறது. த்ராட்டிலை விட்ட பிறகும் ரேஸ் இறங்கவில்லை என்கிறீர்களே, அதுதான். எஞ்சினுக்குள் ஃபியூயல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போகிறது, அதாவது லீனாக ஓடுகிறது. பெட்ரோல் வண்டியில் கொஞ்சம் லீன் என்றால் சூடாகும், பிளக் வெளுக்கும், பெரும்பாலும் அவ்வளவுதான். இங்கே அப்படி விட்டுவிட முடியாது. காரணம் சொல்கிறேன்.

நைட்ரோ எஞ்சினில் ஸ்பார்க் கிடையாது. குளோ பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், நடுவில் முடி போல ஒரு பிளாட்டினக் கம்பிச்சுருள் இருக்கும். ஸ்டார்ட் பண்ணும்போது இக்னைட்டரிலிருந்து ஒன்றரை வோல்ட் கொடுத்து அதைச் சிவக்க வைக்கிறோம். எஞ்சின் பிடித்ததும் இக்னைட்டரை எடுத்துவிடுகிறோம். அப்புறமும் அது எப்படிச் சிவந்தே இருக்கிறது? மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் பட்டால் அங்கேயே வினை நடந்து சூடு பிறக்கும். அந்தச் சூடும் முந்தைய சுற்றில் எரிந்த சூடும் சேர்ந்து அடுத்த சுற்றைக் கொளுத்துகிறது. ஆக, எப்போது தீப்பிடிக்க வேண்டும் என்று சொல்ல இங்கே பாயின்ட் செட்டோ சிடிஐயோ இல்லை, சூடு மட்டுமே. லீன் ஆனால் சூடு ஏறும், சூடு ஏறினால் தீ முன்கூட்டியே பிடிக்கும், அதனால் சூடு இன்னும் ஏறும். போதாததற்கு, எஞ்சினைக் குளிர்விப்பதும் எண்ணெய் போடுவதும் அதே ஃபியூயல்தான். ஃபியூயல் குறைந்தால் மூன்று வேலையும் ஒன்றாகக் கெடும்.

சரி, அதிகக் காற்று எங்கிருந்து வருகிறது? திருட்டு வழியாக. பட்டறையில் ‘ஏர் எடுக்குது’ என்போமே, அதேதான். இடங்கள் சில உண்டு. கார்புரேட்டர் கழுத்து கிராங்க் கேஸில் உட்காரும் இடத்தில் இருக்கும் ஓ-ரிங். பின்மூடியின் கேஸ்கட், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணும் வண்டிகளில் இழுப்பு விழுவதே அந்தப் பக்கம் என்பதால் நான்கு ஸ்க்ரூவில் ஒன்றாவது தளர்ந்திருக்கும். முன் பேரிங். அப்புறம் யாரும் பார்க்காத ஒன்று: குளோ பிளக்குக்கு அடியில் இருக்கும் செப்பு வாஷர். பிளக் மாற்றும்போது அதைத் தொலைத்துவிட்டு வெறும் பிளக்கைப் போட்டு முறுக்கிய வண்டிகள் எத்தனையோ இந்த மேஜைக்கு வந்திருக்கின்றன. டர்போ பிளக் என்று ஒரு வகை இருக்கிறது, அதன் அடி கூம்பாக இருக்கும், அதற்கு மட்டும் வாஷர் வேண்டாம்.

சோதிக்கும் முறை இது. எஞ்சினை வண்டியிலிருந்து கழற்றுங்கள். பிளக் போட்டபடியே இருக்கட்டும். எக்ஸாஸ்ட் வாயை ரப்பர் துண்டு வைத்து இறுக்கி அடையுங்கள், ஃபியூயல் வரும் மூக்கையும் அடையுங்கள். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவாருங்கள். அப்போது கிராங்க் தண்டின் துளை கார்புரேட்டர் பக்கம் திறந்திருக்கும். த்ராட்டிலை முழுக்கத் திறந்து, கார்புரேட்டர் வாயில் பொருந்தும் டியூப் ஒன்றைச் செருகி, எஞ்சினை ஒரு கிண்ணம் டீசலில் முக்கி, பெரிய சிரிஞ்சால் மெதுவாகக் காற்றைத் தள்ளுங்கள். அவசரம் வேண்டாம். குமிழி எங்கிருந்து கிளம்புகிறது என்று குனிந்து பாருங்கள். முன் பேரிங்கில் ஒன்றிரண்டு குமிழி வருவது சகஜம், அது முழுக்க மூடப்பட்ட இடம் அல்ல. கார்புரேட்டர் கழுத்திலோ பின்மூடியிலோ சரம் சரமாக வந்தால் திருடன் அகப்பட்டான்.

ஓ-ரிங் புதிதாகப் போடுங்கள். கிடைக்கவில்லை என்றால் பைக் மெக்கானிக்கிடம் சூடு தாங்கும் கேஸ்கட் பேஸ்ட் இருக்கும். தீக்குச்சி முனையால் முடியளவு தடவினால் போதும். பிதுங்கி வழிந்தால் உள்ளே உதிர்ந்து கிராங்க் துளையில் போய் உட்காரும். தடவியபின் ஓர் இரவு காயட்டும்.

எஞ்சினைக் கழற்றியது கழற்றியாயிற்று, டேங்க் பக்கமும் ஒரு பார்வை. சைலன்சரிலிருந்து டேங்க்குக்கு ஒரு மெல்லிய டியூப் போகிறதே, அது அலங்காரம் இல்லை. புகையின் அழுத்தத்தைக் கொண்டுபோய் டேங்க்கில் இருக்கும் ஃபியூயலைத் தள்ளுவது அதுதான். டேங்க் மூடியின் ரப்பர் தடித்துப்போனாலோ அந்த டியூபில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலோ, முழு டேங்க்கில் நன்றாக ஓடி, பாதி காலியானதும் லீனாகும். ‘ஐந்து நிமிடம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எஞ்சின் நிற்கும்போது டேங்க்கில் ஃபியூயல் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மட்டத்தில் நின்றால் சந்தேகம் டேங்க்கின் மேல். எந்த மட்டம் என்றில்லாமல் சூடு ஏறியதும் நின்றால் எஞ்சினின் மேல்.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது, கேட்க இனிக்காது. சூட்டில் ஸ்டார்ட் ஆகாமல் ஆறியபின் ஆகிறது என்பதற்குப் பிஸ்டன் தேய்மானமும் காரணமாகலாம். இந்த எஞ்சின்களில் ரிங் கிடையாது. அலுமினியப் பிஸ்டன், குரோம் பூசிய பித்தளை லைனர். லைனர் மேலே போகப் போக ஒரு இழை குறுகும். குளிர்ந்திருக்கும்போது உச்சியில் பிஸ்டன் இறுக்கிப் பிடிக்கும், சூட்டில் பித்தளை விரிந்து சரியான இடைவெளி வரும். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆறிய எஞ்சினின் ஃபிளைவீலைக் கையால் சுற்றுங்கள். உச்சியில் ‘கடக்’கென்று ஒரு பிடி தெரிந்தால் பிஸ்டன் நலம். வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு போனால் பிஸ்டன்-லைனர் ஜோடிக்குப் பணம் எடுத்து வையுங்கள். உங்கள் விஷயத்தில் ரேஸ் இறங்காமல் நிற்கிறது என்பதால் நான் காற்றின் மேல்தான் பந்தயம் கட்டுவேன்.

இதெல்லாம் முடிந்தபின் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கலாம். இரண்டு நீடிலையும் கம்பெனிப் புத்தகத்தில் போட்ட இடத்துக்குக் கொண்டுபோங்கள். புத்தகத்தில் ‘முழுக்க மூடி இத்தனை சுற்று திற’ என்றிருக்கும். மூடும்போது இடித்தவுடன் நிறுத்துங்கள், முறுக்கினால் நீடில் முனை கெடும். அங்கிருந்து ஸ்டார்ட் பண்ணினால் புகை பொங்கும், வண்டி திணறும். அப்படித்தான் இருக்க வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடானபின் ஹை ஸ்பீடு நீடிலை மட்டும், கடிகார முகத்தில் ஒரு மணி தூரம் உள்ளே திருப்புங்கள், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று. மைதானத்தில் இரண்டு நீள ஓட்டம் விடுங்கள், பிறகு அடுத்த ஒரு மணி. பின்னால் நீலப்புகைக் கோடு எப்போதும் தெரிய வேண்டும். அது மறைந்தால் ஒரு மணி பின்னால் வந்துவிடுங்கள்.

லோ ஸ்பீடுக்கு ஒரு கைப்பக்குவம். வண்டி ஐடிலில் நிற்கும்போது கார்புரேட்டருக்குப் பக்கத்தில் ஃபியூயல் டியூபை இரண்டு விரலால் நசுக்கிப் பிடியுங்கள். மூன்று நான்கு விநாடி ஓடி, லேசாக ரேஸ் ஏறி, பிறகு அணைந்தால் சரி. பிடித்தவுடனே அணைந்தால் லீன். ரொம்ப நேரம் ஓடி ரேஸ் எகிறினால் ரிச், அதாவது ஃபியூயல் அதிகம். ஐடில் ஸ்க்ரூவைக் கடைசியில் தொடுங்கள். நிறையப் பேர் அதைத்தான் முதலில் தொடுகிறார்கள்.

சூட்டைப் பிளக்கை ஒட்டிய இடத்தில் பாருங்கள். 100 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை நல்லது. 130-ஐத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்தத் துப்பாக்கி உதவாது, அது காய்ச்சல் சூட்டோடு நின்றுவிடும். எலக்ட்ரிகல் கடையில் தொழிற்சாலை வகை கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் ஹெட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர். மூன்று நான்கு விநாடியில் கொதித்து வற்ற வேண்டும். சுர்ரென்று துள்ளி ஓடினால் எஞ்சின் வேகிறது.

ஒரு வாசகர், அயனாவரம், சென்னை: நைட்ரோ ஃபியூயல் விலை கட்டுப்படியாகவில்லை. என் மொபெட்டுக்குப் போடுவது போல பெட்ரோலும் டூ-டி ஆயிலும் கலந்து ஊற்றலாமா? நாட்டு மருந்துக் கடை விளக்கெண்ணெய் சேர்க்கலாம் என்கிறார் நண்பர்.

பெட்ரோல் கூடாது. மேலே சொன்ன பிளாட்டின வேலை மெத்தனாலுக்குத்தான் நடக்கும். பெட்ரோலை ஊற்றினால் இக்னைட்டரை எடுத்த மறு விநாடி பிளக் அணையும். அது ஒருபுறம். ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், மெத்தனாலுக்கு 6.4 போதும், நைட்ரோமீத்தேன் தன் ஆக்சிஜனைத் தானே சுமந்து வருவதால் 1.7 பங்கே போதும். இந்தக் கார்புரேட்டரின் துளையெல்லாம் அந்தக் கணக்குக்குத் துளைத்தது. சிலிகான் டியூபும் பெட்ரோலில் ஊறி உப்பிப்போகும். எண்ணெய்க் கணக்கும் ஒத்துவராது; மொபெட்டுக்கு லிட்டருக்கு 20, 40 மில்லி ஊற்றுவோம், நைட்ரோ ஃபியூயலில் எட்டு முதல் இருபது சதவீதம் வரை எண்ணெய்தான். பெட்ரோலில் ஓடும் ரிமோட் கார்கள் தனியே இருக்கின்றன, ஸ்பார்க் பிளக் வைத்து, அளவில் பெரிதாக.

விளக்கெண்ணெய் விஷயத்தில் உங்கள் நண்பர் பாதி சரி. நல்ல ஃபியூயலில் ஆமணக்கு எண்ணெய் உண்மையிலேயே இருக்கிறது. மற்ற சமையல் எண்ணெய்கள் மெத்தனாலோடு சேராது, இது கரையும். செயற்கை எண்ணெய் எரிந்துபோகும் சூட்டிலும் இது உலோகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கல்லூரியில் என்சிசி ஏர் விங்கில் கம்பி கட்டிப் பறக்கவிடும் மாடல் விமானங்களோடு திரிந்த நாளிலிருந்து அந்த வாசனை எனக்குப் பழக்கம். பட்டறையில் ஆமணக்குப் புகை வந்தால் இன்றும் மூக்கு தானாகத் திரும்பும். ஆனால் எஞ்சினுக்குப் போவது பிசின் நீக்கிச் சுத்திகரித்த ரகம். வயிற்றுக்கு வாங்குவதை இங்கே ஊற்றினால் ஃபில்டர் அடைக்கும், லைனரில் பழுப்பு வார்னிஷ் கட்டும், நீடில் கணக்கும் மாறும். வேண்டாம்.

வீட்டிலேயே மெத்தனால் வாங்கிக் கலக்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்கவும் வைத்திருக்கவும் லைசென்ஸ் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது இதே மெத்தனால்தான்; பிழைத்தவர்களில் பார்வை போனவர்கள் உண்டு. கடையில் கலந்து சீல் வைத்து வரும் ஃபியூயலையும் அந்த மரியாதையோடு வையுங்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், எந்தக் காரணத்துக்காகவும். தோல் வழியாகவும் இது உடம்புக்குள் போகும், கையுறை போடுங்கள். வெயிலில் மெத்தனால் தீ கண்ணுக்கே தெரியாது. புகை இல்லாமல் காற்று மட்டும் நெளிந்தால் நெருப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரோடு கலந்துவிடும் என்பதால் நிறையத் தண்ணீர் ஊற்றினால் அணையும். ஓட்டும் இடத்தில் ஒரு குடம் தண்ணீர் இருக்கட்டும்.

கே.வி., கோத்தகிரி: ஊட்டியில் அண்ணன் வீட்டு மைதானத்தில் டியூன் பண்ணி அருமையாக ஓடிய வண்டி, மேட்டுப்பாளையத்தில் மாமா வீட்டில் ஒரே டேங்க்கில் சீஸ் ஆகிவிட்டது, பிஸ்டன் இறுகி நின்றுவிட்டது. ஒரு ஸ்க்ரூவும் தொடவில்லை.

தொடாததுதான் சிக்கல். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் சமவெளியைவிடக் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு. காற்று குறைவாக இருக்கிற இடத்தில் ஃபியூயலையும் குறைத்தால்தான் ஓடும், நீங்களும் சரியாகவே குறைத்திருக்கிறீர்கள். அந்த நீடிலோடு மலையிறங்கினால் கீழே காற்று கெட்டியாகக் காத்திருக்கிறது, ஃபியூயல் மட்டும் ஊட்டிக் கணக்கில் வருகிறது. நேரே லீன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவு இறங்கும்போதும் உங்கள் எஞ்சினுக்கு ஆயுள் குறைந்திருக்கிறது, ஓடாமலேயே.

மலையேறினால் நீடில் உள்ளே, இறங்கினால் வெளியே. இறங்கிய இடத்தில் முதல் டேங்க் புகை கக்கட்டும். சமவெளியிலேயே கூட மார்கழிக் காலைக்கும் சித்திரை மதியத்துக்கும் நீடிலில் ஒன்றிரண்டு மணி தூரம் வித்தியாசம் வரும்: குளிர்ந்த காற்று கெட்டி, வெளியே திருப்புங்கள். சீஸ் ஆன பிஸ்டனை எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் நீளக் கோடுகள் இருந்தால் மணல் தாள் போட்டுத் தேய்க்கும் வேலை வேண்டாம், ஜோடியாக மாற்றுங்கள்.

ஒரு வாசகி, கிள்ளான், மலேசியா: தம்பி வெளியூர் வேலைக்குப் போனபின் அவன் காரை ஸ்டோரில் வைத்திருந்தோம். இப்போது திரும்பி வந்திருக்கிறான். எஞ்சின் அசையவே இல்லை.

சகோதரி, இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, ஃபியூயலில் இருந்த ஆமணக்கு எண்ணெய் காய்ந்து பிசினாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இது நல்ல செய்தி. இரண்டாவது, பேரிங்கில் துரு. மெத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. டேங்க்கிலும் கிராங்க் கேஸிலும் மிச்சம் விட்டுவைத்தால் அது ஈரத்தை இழுத்து வந்து இரும்பின் மேல் வைக்கும், எரிந்த நைட்ரோவின் மிச்சம் அதோடு சேர்ந்து அமிலமாகும். உங்கள் ஊர் ஈரக்காற்றில் கேட்கவே வேண்டாம்.

தம்பியைக் கயிற்றை மட்டும் இழுக்க விடாதீர்கள். பிளக்கைக் கழற்றி, துளை வழியாகவும் கார்புரேட்டர் வழியாகவும் ‘ஆஃப்டர் ரன்’ எண்ணெய் (ஓட்டி முடித்தபின் எஞ்சினில் விடுவது) சில சொட்டு விடுங்கள். தலைமுடி உலர்த்தும் டிரையரை எஞ்சின் ஹெட்டின் மேல் காட்டிக் கை வைக்க முடியாத சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். பிசின் இளகும், பித்தளையும் விரியும். இப்போது ஃபிளைவீலைத் துணி சுற்றிப் பிடித்து முன்னும் பின்னுமாக அசையுங்கள். ஒரு இழை நகர்ந்தாலும் போதும், எண்ணெய் அந்த இடத்தில் புகுந்துவிடும். திரும்பவும் சூடு, திரும்பவும் அசைப்பு. எக்ஸாஸ்ட் துளையில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்புகிற ஆசை வரும். வந்தால் எழுந்து போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

சுற்ற ஆரம்பித்ததும் காதருகே வைத்துக் கேட்கட்டும். மணல் அரைபடும் சத்தம் வந்தால் பின் பேரிங் போயிற்று. அந்தப் பேரிங்கோடு ஓட்டினால் உடைந்த குண்டுகள் பிஸ்டனையும் கொண்டுபோகும். சத்தமில்லை என்றால் பழைய ஃபியூயலைக் கொட்டி, டேங்க்கைக் கழுவி, புது டின் திறக்கலாம். இனிமேல் ஓட்டி முடித்ததும் டேங்க்கைக் காலி செய்து, எஞ்சினில் மிச்சமிருப்பது எரிந்து அணையும் வரை ஓடவிட்டு, இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் விட்டுச் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஆறும்போது பிஸ்டன் அடியில் இருக்கட்டும். உச்சியில் விட்டால் ஆறும் லைனர் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

எஸ்., 9-ஆம் வகுப்பு, திருநகர், மதுரை: கயிறு பாதியில் கல்லு மாதிரி நின்றுவிடுகிறது மாமா. அப்பா பலமாக இழுத்ததில் கயிறே அறுந்துவிட்டது.

கயிறு அறுந்தது உங்கள் அதிர்ஷ்டம், தம்பி. அறாமல் இருந்திருந்தால் கனெக்டிங் ராட் வளைந்திருக்கும். ஸ்டார்ட் ஆகவில்லை என்று கார்புரேட்டரை அடைத்து அடைத்து இழுத்திருப்பீர்கள், சிலிண்டர் முழுக்க ஃபியூயல் நிரம்பியிருக்கிறது. காற்றை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. பிளக்கைக் கழற்று. வண்டியைத் தலைகீழாகப் பிடித்து, துளையைப் பழைய துணியால் மூடிக்கொண்டு ஃபிளைவீலைச் சுற்று. உள்ளே இருப்பது பீய்ச்சி அடிக்கும். முகத்தைக் கிட்டே கொண்டு போகாதே, கண்ணாடி போட்டுக்கொள். பிளக்கை இக்னைட்டரில் மாட்டிப் பார். சுருள் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் ஒளிர வேண்டும். மங்கலாக இருந்தால் முதலில் இக்னைட்டரை சார்ஜ் போடு. அதில் சார்ஜ் இல்லாமல்தான் இவ்வளவும் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். புதுக்கயிறு போட்டபின் சிறு சிறு இழுப்பாக இழு, முழு நீளத்துக்கு வேண்டாம்.

ஒரு வாசகர், லா சப்பல், பாரிஸ்: முன்பு 25 சதவீத நைட்ரோ ஓட்டினேன். இப்போது கடையில் 16-க்கு மேல் தருவதில்லை. எஞ்சின் மந்தமாகிவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 பிப்ரவரியிலிருந்து பொதுமக்களுக்கு 16 சதவீதம்தான் வரம்பு. வெடிமருந்து செய்யப் பயன்படும் பொருட்களின் பட்டியலில் நைட்ரோமீத்தேனும் இருக்கிறது. கடைக்காரர் என்ன செய்வார்! நைட்ரோ குறைந்தால் ஃபியூயலும் குறைவாகப் போதும், ஹை ஸ்பீடை ஒன்றிரண்டு மணி உள்ளே கொண்டுவாருங்கள். ஹெட்டுக்கு அடியில் ஷிம் என்கிற மெல்லிய உலோக வளையம் இரண்டு இருந்தால் மெல்லியதாக ஒன்றை எடுத்துப் பாருங்கள், கம்ப்ரஷன் ஏறும். ஐடிலில் தடுமாறினால் ஒரு படி சூடான பிளக். பழைய வேகத்தில் சிறிது குறையும்தான். ஆனால் வார இறுதியில் ஓட்டுகிறவருக்கு 16 தாராளம்.

எம்.என்., யாழ்ப்பாணம்: கார் ரிமோட்டுக்குக் கட்டுப்படாமல் முழு வேகத்தில் ஓடி மதிலில் மோதியது. எஞ்சின் கோளாறா?

எஞ்சினைக் குறை சொல்லாதீர்கள், அது சொன்ன பேச்சைக் கேட்டு ஓடியிருக்கிறது. வண்டிக்குள் ரிசீவருக்கென்று தனி பேட்டரி இருக்கிறதே, அது இறங்கினால் சர்வோ, அதாவது த்ராட்டிலைத் திருப்பும் குட்டி மோட்டார், எங்கே இருந்ததோ அங்கேயே நிற்கும், த்ராட்டில் திறந்தபடி. மூன்று காரியம் செய்யுங்கள். கார்புரேட்டர் கையில் ஒரு சிறு ஸ்பிரிங் மாட்டுங்கள், சர்வோ கைவிட்டாலும் அது இழுத்து மூடும். ரிசீவரில் ஃபெயில்-சேஃப் இருந்தால் சிக்னல் போனதும் பிரேக் பிடிக்கும்படி செட் பண்ணி, வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, எஞ்சின் ஓடாமல் ரிமோட்டை அணைத்துச் சோதியுங்கள். மூன்றாவது, ரிமோட்டை முதலில் போட்டுக் கடைசியில் அணையுங்கள். வண்டியை முதலில் போடும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறது என்று, இங்கே சுருக்கிப் போட்டிருக்கும் உங்கள் கடிதத்தின் மூன்றாம் வரியே சொல்கிறது.

மதிலில் மோதிய வண்டியை ஸ்டார்ட் பண்ணுமுன் எஞ்சின் மவுன்ட் ஸ்க்ரூக்களைப் பாருங்கள், கிளட்ச் பெல்லுக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதம் விட்டுச் சுற்றிப் பாருங்கள். காகிதம் கிழியாமல் மடிப்பு மடிப்பாக வெளியே வந்தால் இடைவெளி சரி. இன்னொரு முறை வண்டி கை மீறிப் போனால் துரத்திப் பிடித்துச் சக்கரத்தில் கை வைக்காதீர்கள். கெட்டித் துணியால் எக்ஸாஸ்ட் வாயை அடைத்தாலும், ஃபியூயல் டியூபை நசுக்கினாலும் சில விநாடியில் அணையும். அதற்காகவே ஒரு பழைய துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு ஓட்டுங்கள்.

ஜி.பி., நாமக்கல்: பத்து வயதுப் பையனுக்கு நைட்ரோ வாங்கலாமா, பேட்டரி வாங்கலாமா?

பேட்டரி. நைட்ரோ உங்களுக்கு வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள், பையன் பெயரைச் சொல்லாமல்.